நாலாம் நம்பர் டேங்க்: 97 சதவீதம்

ஏப்ரல் 29, செவ்வாய்

இந்த டைரி ஜவுளிக்கடையில் இலவசமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பட்டுச்சேலை. ஆபீஸில் நான் பேச வாயெடுப்பதற்குள் எல்லோரும் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவதால், இனி இதில் பேசலாம் என்று இருக்கிறேன். சேலைகள் குறுக்கே பேசாது.

இன்று எனக்கென்று தனியாக ஒரு வேலை வந்திருக்கிறது.

எங்கள் கம்பெனியின் பெயர் ஜலநேத்ரா டெக். பைக் ஷோரூமுக்கு மேல்மாடி. நகராட்சித் தண்ணீர்த் தொட்டிகளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஆணையரின் கம்ப்யூட்டரில் காட்டுவதுதான் தொழில். திரையின் வலது மூலையில் ஒரு சின்னச் சதுரம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு விட்ஜெட் என்று பெயர். ஐந்து தொட்டிக்கும் ஐந்து நீலப் படம், பக்கத்தில் சதவீதம். ஒரு தொட்டி முப்பதுக்குக் கீழே போனால் அந்தப் படம் சிவப்பாகும். அந்தப் பகுதிக்கு லாரித் தண்ணீர் அனுப்பும் உத்தரவு தானாகவே அச்சாகி ஆணையரின் கையெழுத்துக்குக் காத்திருக்கும். முப்பதுக்கு மேல் என்றால் லாரி கிடையாது. போன வருடம் இதற்காக நகராட்சிக்கு 'அறிவியல் வழி நிர்வாகம்' என்று ஒரு கேடயம் கிடைத்தது.

பிரச்சினை நாலாம் நம்பர் டேங்கில். எனக்கு வந்த புகார்ச் சீட்டில், ஆபீஸ் பாஷையில் டிக்கெட், இப்படி எழுதியிருந்தது: "மாதம் முழுவதும் 97இலிருந்து 92 வரை சரிகிறது. பார்வைக்கு நன்றாக இல்லை. சரிசெய்யவும்."

முதலாளி கோமதிநாயகம் சார் என் மேசைக்கே வந்தார்.

"ஐஷு, பத்தொன்பதாம் தேதி வெளியூர் நகராட்சி ஆட்கள் பன்னிரண்டு பேர் இதப் பார்க்க வர்றாங்க. பிடிச்சுப்போச்சுன்னா பன்னிரண்டு ஊருக்கும் நாமதான். அதுக்குள்ள அந்தக் கோடு நேரா நிக்கணும். நீ இத முடிச்சிட்டா, மாசக் கடைசில உன்னை நிரந்தரம் பண்ணி லெட்டர் தர்றேன்."

"சரி சார்" என்றேன்.

முடிக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த பையனும் சோதனைக் காலத்தில்தான் இருந்தானாம்.

என் பெயர் இசக்கியம்மாள். ஈமெயிலுக்கு நீளமாக இருக்கிறது என்று சேர்ந்த அன்றே ஐஷு ஆக்கிவிட்டார்கள். அதற்கும் 'சரி சார்' என்றுதான் சொன்னேன்.

நாலாம் நம்பர் டேங்கிலிருந்துதான் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவேண்டும். இதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏப்ரல் 30, புதன்

காலையில் குழாயில் காற்று மட்டும் வந்தது.

"டேங்க்ல 97 இருக்கும்மா. நேத்து ஆபீஸ்ல பார்த்தேன்" என்றேன்.

அம்மா இலை நனைக்கும் சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழுந்தது.

"இந்தா, மிச்சம் மூணு இங்கன கெடக்கு. அந்தத் தொண்ணூத்தேழ எங்க வச்சிருக்காவன்னு கேட்டுட்டு வா."

அம்மா பீடி சுற்றுகிறாள். என் பி.இ. படிப்பு அதிலிருந்து வந்ததுதான். காய்ந்த இலை கத்தரிக்கு உடையும். நனைத்துப் பதமானால்தான் வெட்ட வரும். தண்ணீர் இல்லாத நாளில் கத்தரி சும்மா கிடக்கும், அம்மா சும்மா இருக்க மாட்டாள். அந்தக் கத்தரியை வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது. போன வருடம் நான் அதில் ஷாம்பு பாக்கெட்டை வெட்டிவிட்டேன் என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மே 2, வெள்ளி

கோளாறைத் தேடுவது என்றால், தகவல் வந்த வழியே பின்னோக்கி நடப்பது.

விட்ஜெட் தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. சில நிமிடங்களுக்கு ஒரு தடவை எங்கள் சர்வரைக் கேட்கிறது. சர்வர், தொட்டியின் அடியில் இருக்கும் சிம் கார்டு பெட்டி மணிக்கு ஒருமுறை அனுப்புவதைச் சொல்கிறது. பெட்டி, சென்சார் சொன்னதைச் சொல்கிறது. சென்சார் தொட்டிக் கூரையின் உள்பக்கம் கீழே பார்த்தபடி இருக்கிறது. ஒரு ஒலியை அனுப்பும். அது தண்ணீரில் பட்டு எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறதோ, தண்ணீர் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, தொட்டி அவ்வளவு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். ஆக, ஒருவர் சொன்னதை அடுத்தவர் சொல்லி, அதை இன்னொருவர் சொல்லி, கடைசியில் ஆணையர் பார்க்கிறார். எங்கள் தெருவில் கல்யாணப் பேச்சும் இப்படித்தான் நடக்கிறது.

முதலில் விட்ஜெட். சோதனைக்காக 12 என்று ஒரு பொய்த் தகவல் கொடுத்தேன். உடனே சிவப்பாகி 12 என்றது. பயந்துபோய் அழித்துவிட்டேன். விட்ஜெட் தப்பு செய்யவில்லை. அடுத்து சர்வர். அதன் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

பிறகு ஆறு மாதத் தகவலையும் வரைந்தேன். மற்ற நான்கு டேங்கும் காலையில் இறங்கி இரவில் ஏறுகின்றன, மூச்சுவிடுவது போல. நாலாம் நம்பர் மட்டும் அப்படி இல்லை. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே வந்து, ஒரு நாள் திடீரென்று 97க்குத் தாவுகிறது. மாதம் ஒரு தடவை. ஆனால் ஒரே தேதியில் இல்லை, ஒரே கிழமையிலும் இல்லை.

தாவிய நாட்களை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுப்புக்கு மேல் மாட்டியிருக்கும் காலண்டரில் பார்த்தேன். எல்லா நாளிலும் ஒரு கறுப்பு வட்டம் இருந்தது.

அமாவாசை.

நான்கு வருடப் படிப்பில் அமாவாசை பற்றி எனக்கு ஒரு பாடம்கூட இல்லை.

மே 3, சனி

குழாயில் இன்றும் காற்று. நேற்றைவிட நல்ல காற்று.

மே 5, திங்கள்

முதலாளியும் நானும் நகராட்சிப் பொறியாளர் சிதம்பரநாதன் சாரைப் பார்க்கப் போனோம். நான் கண்டுபிடித்தது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதை வைத்து ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதிவிட்டார். தலைப்பு, 'அமாவாசை ஈர்ப்பும் மேல்நிலைத் தொட்டி நீர்மட்டமும்.' ஜூலையில் டெல்லியில் வாசிக்கிறார். டிக்கெட் போட்டாயிற்று.

"கடல்ல அலை ஏறுது இல்லையா? அதே சங்கதிதாம்மா. சந்திரன் இழுக்குது, தண்ணி ஏறுது."

"மத்த நாலு டேங்க்ல ஏன் சார் ஏறல?" என்றேன். மனதுக்குள் கேட்பதாகத்தான் நினைத்தேன். வெளியே வந்துவிட்டது.

அவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

"நாலாம் டேங்க் மேட்டுல இருக்குல்லா. சந்திரனுக்குப் பக்கம்."

கோமதிநாயகம் சார் தலையாட்டினார். "அப்போ கோட்டை நேராக்கிட்டா உங்க கட்டுரைக்கு இடைஞ்சல் ஆகாதா சார்?"

"அமாவாசைக்கு ஏறுறது இருக்கட்டும். அதுக்கப்புறம் இறங்குது பாருங்க, அத மட்டும் எடுத்துருங்க."

இறங்காமல் ஏற மட்டும் செய்தால் அடுத்த மாதம் 102 ஆகும், அதற்கடுத்த மாதம் 107 ஆகும். இதை நான் பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். அங்கே சொன்னது 'சரி சார்.'

மே 7, புதன்

தொட்டியடியில் இருக்கும் பெட்டியைப் பார்க்கப் போனேன். வயர், சிம், எல்லாம் நன்றாக இருக்கின்றன.

டேங்க் ஆபரேட்டர் மூக்கையா அண்ணாச்சி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருவுக்குப் பின்தெருதான் அவருக்கும். புதுக்கண்ணாடி போட்டிருந்தார்.

"வால்வத் தொறந்தா கொட்டாவி விடுத மாதிரி சத்தம் வருது தாயி. தண்ணி வரல. தொட்டில தண்ணி கெடையாது சார்னு போய்ச் சொன்னேன். கம்ப்யூட்டர் பெட்டில தொண்ணூத்தஞ்சு காட்டுது, உமக்குக் கண்ணு தெரியலங்காரு இஞ்சினியர். கண்ணாடி போட்டேன்."

"இப்போ தெரியுதா அண்ணாச்சி?"

"நல்லாத் தெரியுது. தண்ணி இல்லங்கது இன்னும் தெளிவாத் தெரியுது."

வீட்டிலும் அவருக்கு நிம்மதி இல்லை. தெருப் பெண்களெல்லாம் அவர் வால்வைச் சரியாகத் திறக்கவில்லை என்று ஏசுகிறார்களாம். முதலில் ஏசுவது அவருடைய மனைவிதானாம்.

மிச்சம் இருப்பது சென்சார் ஒன்றுதான். அதற்கு மேலே ஏற வேண்டும்.

மே 9, வெள்ளி

ஏறினேன். சுற்றுப்படியில் பாதி வரை கண்ணை மூடிக்கொண்டும், மீதியைத் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டும். அண்ணாச்சி பின்னால் வந்தார். மேலிருந்து பார்த்தால் எங்கள் தெரு ஒரு விரல் நீளம் இருக்கிறது. குழாயடியில் வரிசையாகக் குடங்கள். மேலிருந்து நிறம் மட்டும்தான் தெரிந்தது. பச்சைக் குடம் எங்களுடையது.

அண்ணாச்சி இரும்பு மூடியைத் திறந்தார். டார்ச் அடித்துக் குனிந்தேன்.

பெரிய மீசை வைத்த ஒரு முகம் என்னைப் பார்த்தது.

கத்தினேனா என்று தெரியவில்லை. அண்ணாச்சி கத்தினேன் என்கிறார்.

அது திருஷ்டிப் பூசணிக்காய். சென்சாருக்கு நேர் கீழே, ஒரு முழம் தள்ளி, சணல் கயிற்றில் உறி கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணும் பல்லும் மீசையும் வரைந்திருந்தது.

"மீச நான் போட்டதுதான் தாயி" என்றார் அண்ணாச்சி. "நல்லா வந்திருக்கா?"

விஷயம் இதுதான். கேடயம் வாங்கிய மறு மாதம் இந்தச் சென்சார் இரண்டு தடவை ரிப்பேர் ஆனது. ஊர்க்கண் பட்டுவிட்டது என்று பொறியாளர் சாரே பூசணிக்காய் வாங்கிக் கொடுத்திருக்கிறார். முதலில் வெளியே படியில்தான் கட்டினார்களாம். ஆனால் அறிவியலுக்குக் கேடயம் வாங்கிய நகராட்சி ஆயிற்றே, யாராவது போட்டோ எடுத்துப் போட்டுவிட்டால்? அதனால் யார் கண்ணிலும் படாமல் உள்ளே கட்டச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு அமாவாசைக்கும் அண்ணாச்சி பழையதை எடுத்துவிட்டுப் புதிது கட்டுகிறார்.

சென்சார் அனுப்பும் ஒலி பூசணிக்காயில் பட்டுத் திரும்புகிறது. அது ஒரு முழத்தில் இருப்பதால் தொட்டி 97 சதவீதம் நிறைந்திருக்கிறது. ஈரத்தில் கயிறு நாளுக்கு நாள் இளகி, காய் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்கிறது. 96, 95, 94. அமாவாசையன்று புதுக்காய், புதுக்கயிறு. மறுபடியும் 97.

சந்திரன் எதையும் இழுக்கவில்லை.

பூசணிக்காயை ஒதுக்கிவிட்டு டார்ச்சைக் கீழே அடித்தேன். ரொம்பக் கீழே, வெளிக்குழாயின் வாய்க்கும் எட்டாத ஆழத்தில், கொஞ்சம் தண்ணீர் மின்னியது.

மே 10, சனி

கோமதிநாயகம் சாரிடம் சொன்னேன். நேற்று இரவே ஒத்திகை பார்த்து வைத்திருந்ததால் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். அவர் சிரித்தார். பிறகு கதவைச் சாத்தினார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. அந்தக் காயை எடுத்தா என்ன ஆகும், யோசி. அவர் கட்டுரை போச்சு. அவர் கோபப்பட்டா நம்ம கான்ட்ராக்ட் போச்சு. பன்னிரண்டு ஊர் போச்சு. அப்புறம் நான் உனக்கு எதை வச்சு லெட்டர் தர்றது?"

"தண்ணி இல்ல சார் அங்க."

"தண்ணி நம்ம துறை இல்லம்மா. நம்ம துறை தகவல்." குரலைத் தாழ்த்தினார். "சென்சார் என்ன வேணா சொல்லிட்டுப் போகட்டும். நாலாம் டேங்க்னா 97னு சர்வர்ல ஒரு வரி எழுதிடு. கோடும் நேரா நிக்கும், பூசணிக்காயும் நிம்மதியா இருக்கும்."

"சரி சார்."

மே 12, திங்கள்

அந்த ஒரு வரியை எழுதினேன். சேமித்தேனா என்று சரியாக நினைவில்லை.

மே 14, புதன்

எங்கள் தெருப் பெண்கள் காலிக் குடத்தோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். அம்மாவும் போனாள். ஐந்து நாளாக இலை நனைக்கவில்லை. சுற்றிக் கொடுக்க வேண்டிய பீடி பாக்கி நிற்கிறது. குடிக்க மட்டும் பக்கத்துத் தெரு அடிபம்பில் பிடித்துக்கொள்கிறோம். அது உப்பு.

சாயங்காலம் நான் வந்தபோது அம்மா முற்றத்தில் காலிக் குடத்தைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. உம்பெட்டியத்தான் காட்டுனாவ."

"என் பெட்டியா?"

"கம்ப்யூட்டரத் திருப்பி வச்சு, பாருங்கம்மா, தொண்ணூத்து நாலு இருக்கு, நீங்க பொய் சொல்லுதியன்னு ஒருத்தன் சொன்னான். நீலமா, அழகா இருந்துச்சுட்டி. செய்தது எம்மவதான்னு சொல்ல வாய் வந்துச்சு. சொல்லாம வந்துட்டேன்."

நான் காலிக் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அடுத்த தடவ போகும்போது அதுக்குக் கீழ கொடத்த வச்சிப் பாக்கணும்" என்றாள் அம்மா. பிறகு எழுந்து போய், வெட்டாத இலைக் கட்டுக்கு மேல் கத்தரியை வைத்துத் துணியால் மூடினாள்.

மே 15, வியாழன்

ஆபீஸில் மதியம் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். டெமோவுக்கு எல்லாம் தயார் என்பதற்காக. கை கழுவும் குழாயைத் திறந்ததும் தண்ணீர் வந்தது. இங்கே இரண்டாம் நம்பர் டேங்க்.

மே 19, திங்கள்

நிறைய நடந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் ஆபீஸுக்குப் போகும் வழியில் நாலாம் நம்பர் டேங்குக்குப் போனேன். சென்சாரின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். முக்கியமான நாள் அல்லவா? வயருக்கு டேப் சுற்ற வேண்டியிருக்கும், டேப்பை வெட்ட ஏதாவது வேண்டும் என்று அம்மாவின் கத்தரியைப் பையில் போட்டிருந்தேன். டேப்பை எடுக்க மறந்துவிட்டேன்.

இந்த முறை கண்ணை மூடாமல் ஏறினேன். மூடியை நானே திறந்தேன். ஸ்க்ரூ நன்றாகத்தான் இருந்தது. கயிறு பழையது, இற்றுப்போயிருந்தது. கை பட்டது. பூசணிக்காய் விழுந்துவிட்டது. அவ்வளவுதான். விழுந்த சத்தம் வர கொஞ்ச நேரம் ஆனது.

அண்ணாச்சி ஓடிவந்து வாளியை இறக்கிக் காயை எடுத்தார். மீசை பாதி கரைந்திருந்தது. கயிற்றின் முனையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"போன அமாவாசைக்குத்தான் புதுக்கயிறு போட்டேன்."

நான் ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எலி கடிச்சிருக்கும்" என்றார்.

"இவ்வளவு உயரத்துலயா அண்ணாச்சி?"

"இப்பத்த எலியெல்லாம் படிச்ச எலி தாயி. எங்க வேணாலும் ஏறும்." காயைத் துண்டில் சுற்றிக்கொண்டார். "வேற கட்டணும்னா அமாவாசதான். நடுவுல கட்டுனா பலிக்காது. இஞ்சினியர் சொன்னதுதான்."

பெட்டி மணிக்கு ஒருமுறைதான் தகவல் அனுப்பும் என்று முன்பே எழுதியிருக்கிறேன். நான் இறங்கும்போது பத்தரை மணி தாண்டியிருந்தது. கூட்டம் பதினொரு மணிக்குள் தொடங்கிவிடும். இதெல்லாம் தற்செயல்.

நகராட்சிக் கூட்ட அறையில் கடைசி நாற்காலி எனக்கு. ஆணையர் மேடம் நடுவில். வெளியூர் ஆட்கள் பன்னிரண்டு பேருக்கும் முந்திரிப் பக்கோடா. சுவரில் பெரிதாக விட்ஜெட். ஐந்து டேங்கும் நீலம். சிதம்பரநாதன் சார் சந்திரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த நாலாம் தொட்டிய கவனிங்க. இயற்கையும் தொழில்நுட்பமும் கை கோக்குற இடம் இது."

கவனித்தார்கள். மணி பதினொன்று அடித்தது. 94 மறைந்தது. 14 வந்தது. நீலம் சிவப்பானது. மூலையில் இருந்த பிரிண்டர் தானாக விழித்துக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியது.

யாரும் பக்கோடாவைத் தொடவில்லை.

ஆணையர் மேடம் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் கோமதிநாயகம் சாரைப் பார்த்தார். கோமதிநாயகம் சார் என்னைப் பார்த்தார். தகவல் வந்த வழியே பின்னோக்கி நடந்து வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்புறம் யாரும் இல்லாததால் நான் பிரிண்டரைப் பார்த்தேன்.

"மேடம், இது நிஜமா?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

அந்த இடத்தில்தான் மேடம் எப்படி ஆணையர் ஆனார் என்று புரிந்தது. விட்ஜெட் சொல்வது பொய் என்றால் கேடயமும் பொய். நிஜம் என்றால் ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடும். பிரிண்டர் தாளை வாங்கினார். பேனாவைத் திறந்தார்.

"நிஜம்தான். பாருங்க, யாரும் மனு கொடுக்கல, யாரும் சிபாரிசு பண்ணல. தொட்டி காலின்னு தொட்டியே சொல்லுது. இதோ, லாரி கிளம்பியாச்சு." கையெழுத்துப் போட்டார். "இனி அந்த ஏரியாவுக்கு, தொட்டி முப்பதைத் தாண்டுற வரை தினமும் லாரி."

எல்லோரும் கை தட்டினார்கள்.

"எங்க ஊர்ல இந்த ஒரு கையெழுத்துக்குப் பொம்பளைங்க குடத்தோட ரோட்டுல உக்காரணும் மேடம்" என்றார் இன்னொருவர்.

"இங்க அந்தப் பழக்கமே கிடையாது" என்றார் மேடம்.

சிதம்பரநாதன் சார் சுதாரித்துக்கொண்டார். "அமாவாசை நெருங்கும்போது இப்படி உள்வாங்கும். சுனாமிக்கு முன்னாடி கடல் உள்வாங்குற மாதிரி. கட்டுரைல ஒரு பத்தி சேர்க்கணும்" என்றார்.

வெளியே வராண்டாவில் கோமதிநாயகம் சார் என்னைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"97னு எழுதச் சொன்னேனே?"

"எழுதினேன் சார். சேவ் ஆகல போல."

என்னை உற்றுப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். அதற்குள் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அந்தச் சிவப்பு, அந்தப் பிரிண்டர், அதுதான் சார் எங்களுக்கு வேணும். எப்போ போட்டுத் தருவீங்க?"

"எங்க டெவலப்பர் ஐஷு. டெமோவுக்காக ஸ்பெஷலா பண்ணினது" என்றார் கோமதிநாயகம் சார்.

மே 20, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு லாரி வந்தது. தெருவில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று லாரி வரும்போதுதான் தெரிகிறது. அண்ணாச்சியின் மனைவி வரிசையை ஒழுங்குபடுத்தி, வரிசையில் நிற்காமல் முதலில் பிடித்துக்கொண்டார். பச்சைக் குடத்தை நான் தூக்கினேன்.

அம்மா இலையை நனைத்துப் பரப்பிவிட்டுக் கத்தரியை எடுத்தாள். முனையில் ஏதோ ஒட்டியிருந்ததை நகத்தால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது என்னட்டி நாரு?"

"டேப் வெட்டினேம்மா. ஆபீஸ்ல தேவைப்பட்டுச்சு."

"டேப்புல நாரு இருக்குமா?"

"புது மாதிரி டேப்."

அம்மா நாரைச் சுண்டி எறிந்துவிட்டு இலை வெட்ட ஆரம்பித்தாள். ஷாம்பு பாக்கெட்டுக்கு இரண்டு நாள் பேசாதவள், இன்று எனக்கு மதியச் சாப்பாட்டில் முட்டை வைத்திருந்தாள்.

மே 23, வெள்ளி

நிரந்தரம் ஆகிவிட்டேன். லெட்டரில் 'செல்வி ஐஷு' என்று இருந்தது.

"சார், இசக்கியம்மாள்னு போடணும்."

"ஒரு வரில அடங்காதேம்மா."

"ரெண்டு வரில போடுங்க சார்."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு டைப் செய்கிற பெண்ணைக் கூப்பிட்டார். உண்மையில் ஒரே வரியில் அடங்கிவிட்டது.

மே 26, திங்கள், அமாவாசை

சாயங்காலம் சிதம்பரநாதன் சார் எங்கள் ஆபீஸுக்கே வந்தார். பன்னிரண்டு ஊர் பார்த்துவிட்டுப் போன கண் சாதாரணக் கண்ணா என்று கேட்டார். இந்த முறை பெரிய பூசணிக்காயாக அவரே சந்தையில் பார்த்து வாங்கி, அண்ணாச்சியிடம் கொடுத்துக் கட்டச் சொல்லிவிட்டாராம். கயிறு நைலான்.

"அஞ்சரைக்குக் கட்டினாங்க. ஆறு மணிக்கு 97 வந்துடுச்சு. சந்திரன் ஏமாத்தல" என்றார். ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். சிவப்பு போய்விட்டதால் நாளையிலிருந்து நாலாம் நம்பர் பகுதிக்கு லாரி நிறுத்தம் என்று போகிற போக்கில் சொன்னார்.

"சார், காலைல நான் போய் ஒரு தடவ சென்சாரைச் செக் பண்ணிட்டு வந்துடட்டுமா? ஸ்க்ரூ கொஞ்சம் லூஸா இருக்கு" என்றேன் முதலாளியிடம்.

கோமதிநாயகம் சார் பொறியாளரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடுத்த வாரம் வெளியூரிலிருந்து இன்னொரு குழு வருகிறது. அவர்கள் கேட்டிருப்பதும் அந்தச் சிவப்பைத்தான்.

"ஸ்க்ரூ முக்கியம்" என்றார். "பார்த்துட்டு வா, இசக்கியம்மா."

வீட்டுக்கு வந்து லாரி நாளை வராது என்று சொன்னேன். ஏன் என்று அம்மா கேட்கவில்லை.

"பூசணிக்கா கட்டியாச்சாம்லா. மூக்கையா பொண்டாட்டி சொன்னா. நைலான் கயிறாம்" என்றாள்.

நான் ஸ்க்ரூவைப் பற்றி ஏதோ சொன்னேன்.

அம்மா உள்ளே போனாள். நனைந்த இலைக் கட்டு பாதிதான் வெட்டியிருந்தது. கத்தரி இலைக்கு மேல் இல்லை. தெருவில் சாணை பிடிக்கிறவர் வந்த சத்தம் மத்தியானம் கேட்டதாகப் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். அம்மா திரும்பி வந்து என் ஆபீஸ் பையைத் திறந்து, டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் கத்தரியை வைத்தாள். அலகு பளபளவென்று இருந்தது.

"உனக்கு இலை வெட்டணுமேம்மா."

"வந்து வெட்டிக்கிடுதேன்."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, இன்னும் பிரிக்காத ஒரு டேப் சுருளை எடுத்துக் கத்தரிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதையும் எடுத்துக்கோட்டி. போன தடவ மாதிரி மறந்துட்டுப் போகாத. யாராவது கேப்பாவ."